'தொழில்நுட்பக் கோளாறு' என்று சொன்னால் போதுமா? கெர்னல் கிராஷின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் 5 வழிகள்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணி. அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம், விண்டோஸ் கணினிகளில் ஓடும் தனது மென்பொருளுக்கு ஒரு சிறிய அப்டேட்டை அனுப்பியது. 10.57 மணிக்கு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடைப்பட்ட 78 நிமிடங்களில் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோனதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது.

இந்திய விமான நிலையங்களில் செக்-இன் முடங்கியது. பயணிகளுக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்கப்பட்டது. இண்டிகோ மட்டும் சுமார் 200 விமானங்களை ரத்து செய்தது. 10 வங்கிகள் மற்றும் வங்கி சாரா நிதி நிறுவனங்களில் சிறிய அளவில் பாதிப்பு ஏற்பட்டதாக ரிசர்வ் வங்கி அன்றே தெரிவித்தது.

வழக்கமாக இப்படி நடந்தால் நமக்குக் கிடைக்கும் விளக்கம் இரண்டே சொற்கள்: 'தொழில்நுட்பக் கோளாறு'. ஆனால் இந்த முறை அப்படி முடியவில்லை. அடுத்த மூன்று வாரங்களுக்குள், 20 இடங்கள் இருந்த பட்டியலில் 21-வது இடத்தைப் படிக்கப் போனதுதான் காரணம் என்று எண்ணிக்கையோடு பதில் வந்தது.

அவ்வளவு துல்லியமான பதில் எப்படிக் கிடைத்தது? கணினியின் அடி ஆழத்தில் நடக்கும் தவறைக் கண்டுபிடிக்க என்னென்ன கருவிகள் இருக்கின்றன? எது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது? இந்தக் கேள்விகள் இன்ஜினியர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. ஒரு பொதுச் சேவை முடங்கும்போது 'ஏன்?' என்று கேட்கும் எல்லோருக்கும் உரியவை.

கெர்னல் என்றால் என்ன? அது விழுந்தால் ஏன் எல்லாமே விழுகிறது?

உங்கள் போனில் ஓர் ஆப் திடீரென்று மூடிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? மறுபடி திறப்பீர்கள். அவ்வளவுதான். மற்ற ஆப்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கெர்னல் அப்படி இல்லை. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என எந்த இயங்குதளமாக இருந்தாலும் அதன் மையத்தில் இருக்கும் மென்பொருள்தான் கெர்னல். நினைவகம், டிஸ்க், நெட்வொர்க், திரை என எல்லாவற்றின் சாவியும் அதன் கையில்தான். ஆப்களுக்கு எது வேண்டுமானாலும் கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஒரு வங்கிக் கிளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் ஒரு வாடிக்கையாளர் தகராறு செய்தால் அவரை வெளியே அனுப்பிவிட்டு வேலையைத் தொடரலாம். லாக்கர் அறைக்குள்ளேயே ஏதோ தவறு என்று சந்தேகம் வந்தால் ஷட்டரை இறக்கத்தான் வேண்டும். விண்டோஸின் நீலத் திரை என்பது அந்த ஷட்டர்தான். லினக்ஸில் இதற்குப் பெயர் 'கெர்னல் பேனிக்'. கெட்டுப்போன நிலையில் தொடர்ந்து ஓடினால் டிஸ்க்கில் இருக்கும் தகவலும் கெட்டுவிடலாம் என்பதால், இயங்குதளம் தானே முடிவெடுத்து நிற்கிறது.

கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளின் ஒரு பகுதி இந்த லாக்கர் அறைக்குள் வேலை செய்தது. வைரஸ் எங்கே ஒளிந்தாலும் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பல பாதுகாப்பு மென்பொருள்கள் கெர்னலுக்குள் இடம் பிடிக்கின்றன. அங்கே அவை தவறு செய்தால் அது கெர்னலின் தவறாகவே ஆகிவிடும்.

இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. சாதாரண ஆப்பில் பிழை வந்தால், கெர்னலின் உதவியோடு அதை ஆராயலாம். கெர்னலே விழுந்துவிட்டால் யாருடைய உதவியோடு ஆராய்வது? இதற்குக் கிடைத்த விடைகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

1. எழுதி வைப்பது: பிரிண்ட்கே

இருப்பதிலேயே பழையது, எளியது, இன்றும் அதிகம் பயன்படுவது இதுதான். கெர்னல் நிரலில் சந்தேகமான இடங்களில் 'இங்கே வந்தேன், இந்த எண் இவ்வளவு' என்று எழுத வைப்பது. லினக்ஸில் இதற்கான கட்டளைதான் பிரிண்ட்கே. எழுதியவை நினைவகத்தில் ஒரு சிறு பகுதியில் சேரும். இடம் நிரம்பினால் பழையது அழிந்து புதியது வரும்.

தனிக் கருவி எதுவும் தேவையில்லை என்பதுதான் இதன் பலம். லினக்ஸ் கெர்னல் தவறான முகவரியைத் தொட்டால், எந்த ஃபங்ஷனில், யார் அழைத்து அங்கே வந்தோம் என்ற பட்டியலைத் தானே அச்சிடும். இந்தக் குறிப்புக்கு 'ஊப்ஸ்' என்று பெயர். பெரும்பாலான பிழைகளுக்கு இதுவே போதுமானது.

பலவீனங்களும் உண்டு. எங்கே எழுத வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். எழுதுவதற்கே நேரம் ஆவதால், நொடியின் மிகச் சிறு பகுதியில் நடக்கும் மோதல்கள் எழுத ஆரம்பித்ததும் காணாமல் போய்விடும். எழுதுவதை எடுத்துவிட்டால் திரும்ப வரும்! கெர்னல் வேலை செய்பவர்களுக்கு இது நன்கு பழக்கமான தலைவலி.

கணினி முழுதாக நின்றுவிட்டால் எழுதியது எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. அதற்காகவே சீரியல் கேபிள் வழியாக வேறொரு கணினிக்கு அனுப்பும் வசதி, நெட்வொர்க் வழியாக அனுப்பும் வசதி எல்லாம் வந்தன. ஆண்ட்ராய்டு போன்களில் நினைவகத்தின் ஒரு மூலையை ஒதுக்கி, ரீஸ்டார்ட் ஆன பிறகும் கடைசிச் செய்திகள் அழியாமல் பார்த்துக்கொள்ளும் 'ராமூப்ஸ்' என்ற முறை பயன்படுகிறது. 'போன் தானா ஆஃப் ஆகி ஆன் ஆச்சு' என்று நாம் சொல்லும் சம்பவங்களில் சிலவற்றின் காரணம் அங்கேதான் பதிவாகியிருக்கும்.

2. நிறுத்திப் பார்ப்பது: விண்டிபிஜி, கேஜிடிபி

டீபக்கர் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது இந்த வகைதான். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ஓர் இடத்தில் நிறுத்தி, உள்ளே இருக்கும் எண்களைப் பார்த்து, ஒவ்வொரு அடியாக நகர்த்துவது.

கெர்னலை இப்படி நிறுத்தினால் கணினியே உறைந்துவிடும். கீபோர்டு, திரை எதுவும் வேலை செய்யாது. அதனால் இரண்டு கணினிகள் வேண்டும். ஒன்று நோயாளி, இன்னொன்று மருத்துவர். நடுவே ஒரு கேபிள் அல்லது நெட்வொர்க். விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்டின் விண்டிபிஜி இப்படித்தான் வேலை செய்கிறது. லினக்ஸில் இதற்கு கேஜிடிபி. இன்று பலரும் இரண்டு கணினிக்குப் பதிலாக, ஒரே கணினியில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை ஓடவிட்டு அதை வெளியிலிருந்து ஆராய்கிறார்கள்.

லினக்ஸில் இந்தக் கருவி அதிகாரபூர்வமாக இடம்பெற ஒரு நீண்ட விவாதம் நடந்தது. 2000-ம் ஆண்டில் லினக்ஸ் உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ், கெர்னலுக்குள் டீபக்கர் வைப்பதை வெளிப்படையாக எதிர்த்தார். டீபக்கர் கையில் இருந்தால், நிரல் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை மட்டும் ஒட்டுப்போடுவார்கள் என்பது அவருடைய வாதம். விண்டோஸ் பக்கம் இருந்தவர்களுக்கு இது விநோதமாகத் தெரிந்தது. அங்கே கெர்னல் டீபக்கர் இல்லாமல் டிரைவர் எழுதுவதைக் கற்பனை செய்வதே கடினம்.

லினக்ஸில் கேஜிடிபி பல ஆண்டுகள் வெளியே தனிப் பேட்ச் ஆகவே இருந்தது. அந்தக் காலத்தில் அதைப் பராமரித்தவர்களில் இந்தியர்களும் உண்டு. லின்சிஸ்சாஃப்ட் என்ற இந்திய நிறுவனத்தின் பெயரை இன்றும் அதன் மூல நிரலின் தலைப்புக் குறிப்பில் பார்க்கலாம். கடைசியில் 2008-ல், 2.6.26 பதிப்பில் கேஜிடிபி மைய லினக்ஸுக்குள் சேர்ந்தது.

புதிய டிரைவர் எழுதும்போது, ஆய்வகத்தில், பிழையைத் திரும்பத் திரும்ப வரவழைக்க முடியும்போது இதைவிடச் சிறந்த கருவி கிடையாது. ஆனால் லட்சம் வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் வங்கி சர்வரை நிறுத்தி வைத்து, ஒருவர் நிதானமாக உள்ளே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. கெர்னலை வெளியிலிருந்து கட்டுப்படுத்தும் வசதியைத் திறந்தே வைத்திருப்பது, வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவதற்குச் சமம்.

3. போஸ்ட்மார்ட்டம்: கிராஷ் டம்ப்

நிறுத்திப் பார்க்க முடியாத இடத்தில் என்ன செய்வது? விழுந்த கணத்தில் நினைவகம் எப்படி இருந்ததோ அப்படியே படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஆராய்வது. இந்தக் கோப்புக்குப் பெயர் கிராஷ் டம்ப்.

விண்டோஸில் இது கூடவே வருகிறது. நீலத் திரையில் சதவீதம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா? அப்போது டம்ப் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்.

லினக்ஸில் இது எப்படி நடக்கிறது என்பது சுவாரசியமானது. விழுந்துவிட்ட கெர்னலை நம்பி டிஸ்க்கில் எழுதச் சொல்ல முடியாது. அதுவே தவறாக எழுதி மிச்சத்தையும் கெடுத்துவிடலாம். அதனால் கணினி தொடங்கும்போதே நினைவகத்தில் சில நூறு எம்பி இடத்தை ஒதுக்கி, அதில் இரண்டாவதாக ஒரு சிறிய கெர்னலைத் தூங்க வைத்துவிடுகிறார்கள். முதல் கெர்னல் விழுந்ததும் இரண்டாவது எழுந்து, முதலாவதின் நினைவகத்தைப் பத்திரமாக நகல் எடுத்துவிட்டு கணினியை ரீஸ்டார்ட் செய்கிறது.

கேடம்ப் எனப்படும் இந்த முறை 2005-ல் லினக்ஸுக்குள் வந்தது. அதே ஆண்டு கனடாவின் ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் சிம்போசியத்தில் இதைப் பற்றி வாசிக்கப்பட்ட கட்டுரையின் ஆசிரியர்களில் ஐபிஎம்-இன் இந்திய மென்பொருள் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். உலகம் முழுக்க இருக்கும் லினக்ஸ் சர்வர்களின் போஸ்ட்மார்ட்டம் முறையை உருவாக்கியதில் இந்தியாவின் கை இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

டம்ப் கிடைத்த பிறகு, லினக்ஸில் 'கிராஷ்' என்ற கருவியையோ, மெட்டா நிறுவனத்தில் உருவான 'டிரகன்' என்ற கருவியையோ கொண்டு ஆராயலாம். விண்டோஸில் மேலே சொன்ன விண்டிபிஜியே டம்ப்பையும் படிக்கும்.

ஜூலை 19 சம்பவத்தில் டம்ப் என்ன சொன்னது?

அன்றே சமூக வலைதளங்களில் ஒரு விளக்கம் வைரலானது. ஒரு கணினியின் கிராஷ் விவரத்தைப் படம் பிடித்துப் போட்டு, 'இது நல் பாயின்டர் பிழை' என்றார்கள். அதாவது, எதையும் குறிக்காத வெற்று முகவரியைச் சரிபார்க்காமல் பயன்படுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். அப்டேட் கோப்பில் வெறும் பூஜ்ஜியங்கள்தான் இருந்தன என்றும் பேசப்பட்டது.

பூஜ்ஜியங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கிரவுட்ஸ்ட்ரைக் மறுநாளே மறுத்தது. ஜூலை 27 அன்று மைக்ரோசாஃப்ட் தன்னிடம் வந்த டம்ப்களை விண்டிபிஜி கொண்டு ஆராய்ந்து வெளியிட்டது. அதில் தெரிந்தது இதுதான்: முகவரி வெற்றாக இருக்கிறதா என்ற சரிபார்ப்பு நிரலில் இருந்தது. முகவரி வெற்றாக இல்லை, ஆனால் தவறாக இருந்தது. பட்டியலின் எல்லையைத் தாண்டிப் படித்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 6-ல் கிரவுட்ஸ்ட்ரைக் வெளியிட்ட முழு அறிக்கை மிச்சத்தைச் சொன்னது. விதிகளை வரையறுக்கும் இடத்தில் 21 புலங்கள் என்று இருந்தது. கெர்னலுக்குள் இருந்த நிரல் 20 மதிப்புகளை மட்டுமே கொடுத்தது. அதற்கு முன் வந்த அப்டேட்களில் 21-வது புலத்தில் 'எதுவானாலும் சரி' என்று இருந்ததால் அதை யாரும் படிக்கவில்லை. சோதனைகளிலும் அப்படியே. ஜூலை 19 அப்டேட்தான் முதல்முறையாக 21-வதைக் கேட்டது. 20 வீடுகள் உள்ள தெருவில் 21-வது கதவைத் தட்டப்போன கதை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. டம்ப் 'எங்கே விழுந்தது' என்று சொல்லும். 'ஏன்' என்பதை முழுதாகச் சொல்லாது. ஒரே ஒரு டம்ப்பின் படத்தை வைத்து அவசரமாக முடிவு கட்டியவர்கள் தவறிழைத்தார்கள். பல கணினிகளின் டம்ப்களைச் சேர்த்து, மூல நிரலோடும் சோதனை முறையோடும் பொருத்திப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது.

இன்னொன்று. மைக்ரோசாஃப்டிடம் வந்த டம்ப்கள், அனுப்பச் சம்மதித்த வாடிக்கையாளர்களுடையவை மட்டுமே. அதாவது ஆதாரத்தைப் பாதுகாத்து, பகிர்ந்தவர்களால்தான் மற்றவர்களுக்கும் பதில் கிடைத்தது.

4. ஓடும்போதே பார்ப்பது: ஈபிபிஎஃப், எஃப்டிரேஸ், டிடிரேஸ்

எல்லாப் பிரச்னையும் கிராஷில் முடிவதில்லை. சில நேரம் சர்வர் விழாது. ஆனால் மெதுவாகும். பணம் போகும், ரசீது வராது. இதற்கு டம்ப் உதவாது, நிறுத்திப் பார்க்கவும் முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குள் சின்னச் சின்ன சென்சார்களைப் பொருத்தி, எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்க வேண்டும்.

இதில் முன்னோடி, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-ல் சொலாரிஸ் 10 உடன் கொடுத்த டிடிரேஸ். ஓடும் சர்வரையே பயமில்லாமல் ஆராயலாம் என்பதைப் பரவலாக நிரூபித்தது அதுதான். லினக்ஸில் இதற்கான அடித்தளம் 2004-ல் வந்த கேபுரோப்ஸ். கெர்னலின் பெரும்பாலான இடங்களில், கணினியை நிறுத்தாமலேயே ஒரு கண்காணிப்புப் புள்ளியைச் செருகும் வசதி இது. இதன் மூல நிரலைத் திறந்தால் மேலேயே ஒரு குறிப்பு இருக்கிறது: 2002 அக்டோபரில் முதல் வடிவத்தை எழுதியவர் ஐபிஎம்-இன் இந்திய அலுவலக முகவரி கொண்ட ஒரு பொறியாளர்.

2008-ல் எஃப்டிரேஸ், 2009-ல் பெர்ஃப், 2014-ல் ஈபிபிஎஃப் என்று அடுத்தடுத்து வந்தன. இன்று அதிகம் பேசப்படுவது ஈபிபிஎஃப். நீங்கள் எழுதும் சிறு நிரலைக் கெர்னலுக்குள் ஓடவிடும் முன், அது முடிவில்லாமல் சுற்றுமா, எல்லை தாண்டிப் படிக்குமா என்று ஒரு சரிபார்ப்பான் வரி வரியாகப் பார்க்கிறது. சந்தேகம் வந்தால் அனுமதி இல்லை.

ஜூலை 19-க்குப் பிறகு 'பாதுகாப்பு மென்பொருள்கள் எல்லாம் ஈபிபிஎஃப்-க்கு மாறிவிட்டால் போதும்' என்ற குரல் பலமாகக் கேட்டது. பெருமளவில் சரிதான். ஆனால் முழு உத்தரவாதம் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, 2024 ஜூனில், ரெட் ஹாட் லினக்ஸின் ஒரு கெர்னல் பதிப்பில் இதே கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருள் ஓடியபோது கெர்னல் பேனிக் ஏற்படுவதாக ரெட் ஹாட் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்தது. அப்போது அந்த மென்பொருள் ஈபிபிஎஃப் வழியில்தான் இயங்கியது. காவலாளியும் ஒரு மென்பொருள்தானே. அதிலும் பிழை வரலாம்.

5. விழும் முன்பே பிடிப்பது: கேசான், சிஸ்காலர், டிரைவர் வெரிஃபையர்

கடைசி வகை, நடந்த பிழையைத் தேடுவதல்ல. சோதனையின்போதே பிழையை வலுக்கட்டாயமாக வெளியே வரவழைப்பது.

நினைவகத்தில் எல்லை தாண்டிப் படித்தால் உடனே கிராஷ் ஆகும் என்று நிச்சயமில்லை. பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் வேறு ஏதோ தகவல் கிடைக்கும், நிரல் தொடர்ந்து ஓடும். பல நாள் கழித்து வேறெங்கோ விழும். இதைப் பிடிக்க 2015-ல் லினக்ஸ் 4.0-ல் கேசான் வந்தது. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் என்ற கணக்கில் ஒரு நிழல் பதிவேடு வைத்துக்கொண்டு, தொடக்கூடாத இடத்தைத் தொட்ட அந்தக் கணமே கையும் களவுமாகப் பிடிக்கும். அந்த இடத்தை யார் ஒதுக்கியது, யார் விடுவித்தது என்ற விவரத்தோடு அறிக்கை தரும்.

விலை? நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு, கூடவே வேகக் குறைவு. அதனால் முழு கேசானைச் சோதனைக் கணினிகளில்தான் ஓட்டுகிறார்கள். நிஜ சர்வர்களுக்காக 2021-ல் கேஃபென்ஸ் வந்தது. இது எல்லாவற்றையும் பார்க்காது. அவ்வப்போது ஒன்றிரண்டை மட்டும் மாதிரிக்கு எடுத்துப் பார்க்கும். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் எல்லாப் பெட்டிக்கும் வருவதில்லை, ஆனால் ஆயிரம் ரயில்களில் யாராவது மாட்டத்தானே செய்வார்கள். அதே கணக்கு.

கேசானோடு சேர்த்துப் பேச வேண்டியது கூகுளின் சிஸ்காலர். கெர்னலிடம் தாறுமாறான கோரிக்கைகளை இரவு பகலாக அனுப்பிக்கொண்டே இருக்கும் தானியங்கி இது. இந்த முறையில் லினக்ஸ் கெர்னலில் ஆயிரக்கணக்கான பிழைகள் பிடிபட்டுள்ளன. விண்டோஸில் டிரைவர்களைக் கடும் சோதனைக்கு உட்படுத்த டிரைவர் வெரிஃபையர் என்ற கருவி கூடவே வருகிறது.

இந்த வகைக்கும் ஓர் எல்லை உண்டு. சோதனையில் ஓடாத பாதையில் இருக்கும் பிழையை எந்தக் கருவியும் பிடிக்காது. கிரவுட்ஸ்ட்ரைக் சோதனைகளில் 21-வது புலம் ஒருமுறைகூடப் படிக்கப்படவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பார்வையில்: எது எப்போது?

• பிரிண்ட்கே: 'கடைசியாக என்ன நடந்தது?' என்ற கேள்விக்கு. செலவு மிகக் குறைவு. நுட்பமான மோதல்களில் தவறவிடும்.

• விண்டிபிஜி, கேஜிடிபி நேரடி முறை: 'இந்த வரியில் என்ன நடக்கிறது?' என்ற கேள்விக்கு. ஆய்வகத்துக்கு ஏற்றது. ஓடும் சேவைக்கு ஏற்றதல்ல.

• கிராஷ் டம்ப்: 'விழுந்த கணத்தில் உள்ளே என்ன இருந்தது?' என்ற கேள்விக்கு. முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். நினைவகமும் டிஸ்க் இடமும் செலவாகும்.

• ஈபிபிஎஃப், எஃப்டிரேஸ், டிடிரேஸ்: 'ஏன் மெதுவாகிறது?' என்ற கேள்விக்கு. நிஜ சர்வரில் பயன்படுத்தலாம். நொடிக்கு லட்சம் முறை ஓடும் இடத்தில் பொருத்தினால் அதுவே சுமையாகும்.

• கேசான், சிஸ்காலர், டிரைவர் வெரிஃபையர்: 'இன்னும் வெளியே வராத பிழை எது?' என்ற கேள்விக்கு. சோதனைக் கட்டத்தில் அவசியம். சோதனை தொடாத பாதையில் பயனில்லை.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்பது, ஸ்டெதஸ்கோப் சிறந்ததா, ஸ்கேன் சிறந்ததா என்று கேட்பது மாதிரி. ஆனால் ஐந்தில் ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது. மற்ற நான்கையும் பிரச்னை திரும்ப வந்தால் அடுத்த முறை பயன்படுத்திக்கொள்ளலாம். டம்ப் மட்டும், சம்பவம் நடந்த கணத்தில் எடுக்கவில்லை என்றால் எப்போதும் கிடைக்காது. ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் ஆதாரம் போய்விடும்.

சரி, இதில் இந்தியாவுக்கு என்ன பாடம்?

சேவை முடங்கினால் முதல் அழுத்தம் 'சீக்கிரம் மேலே கொண்டு வா' என்பதுதான். வரிசையில் நிற்கும் மக்களுக்கு அது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் அந்த அவசரத்தில் ரீஸ்டார்ட் செய்து, தேவைப்பட்டால் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவிவிட்டால், காரணம் என்ன என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். அடுத்த மாதம் மறுபடி விழும். மறுபடி 'தொழில்நுட்பக் கோளாறு'.

நம் நாட்டில் விதிகள் இல்லாமல் இல்லை. சைபர் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. பங்குச் சந்தைகளில் கோளாறு ஏற்பட்டால் மூல காரண அறிக்கையைக் குறித்த கெடுவுக்குள் தர வேண்டும் என்று செபி 2021-ல் நடைமுறை வகுத்தது. அதே ஆண்டு பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் பல மணி நேரம் நின்றதைத் தொடர்ந்து வந்த நடவடிக்கை அது. அந்த நிறுத்தத்துக்குக் காரணம் கெர்னல் அல்ல. ஆனாலும் 'காரணம் சொல்ல வேண்டும், கெடுவுக்குள் சொல்ல வேண்டும்' என்ற கொள்கை முக்கியமானது. வங்கித் துறையில், 2020 டிசம்பரில் ஹெச்டிஎஃப்சி வங்கியின் தொடர் தடங்கல்களைக் காரணம் காட்டி, புதிய டிஜிட்டல் சேவைகள் தொடங்குவதையும் புதிய கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதையும் ரிசர்வ் வங்கி தற்காலிகமாக நிறுத்தி வைத்தது.

இருந்தும் ஓர் இடைவெளி தெரிகிறது. பதிவுகள் என்றால் யார் எப்போது உள்ளே வந்தார்கள், என்ன செய்தார்கள் என்ற குறிப்புகள் என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. கெர்னல் விழுந்த கணத்தின் நினைவகப் படம் அதில் தானாக வந்துவிடாது. அதை எடுக்க முன்கூட்டியே அமைப்பு செய்திருக்க வேண்டும், இடம் ஒதுக்கியிருக்க வேண்டும், வேலை செய்கிறதா என்று சோதித்தும் பார்த்திருக்க வேண்டும். கேடம்ப் அமைத்துவிட்டு ஒருமுறைகூடச் சோதிக்காமல், உண்மையில் விழும்போது வெறும் கோப்பு கிடைப்பது சர்வர் நிர்வாகிகளுக்குப் புதிதல்ல. லினக்ஸில் சோதனை சர்வரை வேண்டுமென்றே விழவைத்து இதைச் சரிபார்க்க ஒற்றைக் கட்டளை போதும்.

மறுபக்கமும் இருக்கிறது. டம்ப் என்பது நினைவகத்தின் நகல். அதில் கடவுச்சொல், குறியாக்கச் சாவி, வாடிக்கையாளரின் கணக்கு விவரம் எல்லாம் இருக்கலாம். அதை அப்படியே வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆராய அனுப்புவது, 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் சாதாரண விஷயமல்ல. டம்ப் எடுப்பதை நிறுத்துவது இதற்குத் தீர்வாகாது. பயனர் ஆப்களின் பக்கங்களை நீக்கிவிட்டு கெர்னலின் பகுதியை மட்டும் எடுக்கும் வசதி இரு இயங்குதளங்களிலும் உண்டு. கெர்னல் பகுதியிலும் ரகசியங்கள் இருக்கலாம் என்பதால், குறியாக்கம் செய்து, யார் திறக்கலாம் என்று வரையறுத்து வைப்பதும் அவசியம்.

மூன்றாவதாக, யாரால் ஆராய முடியும் என்ற கேள்வி. லினக்ஸ் கெர்னலின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. டம்ப் கையில் இருந்தால் இந்தியாவில் இருக்கும் ஒரு குழுவே கடைசி வரி வரை போய்ப் பார்க்கலாம். விண்டோஸில், மைக்ரோசாஃப்ட் வெளியிடும் குறியீட்டுக் கோப்புகளை வைத்து ஓரளவு போகலாம். ஆனால் கெர்னலுக்குள் உட்கார்ந்திருப்பது மூடிய நிரல் கொண்ட மூன்றாம் நிறுவன டிரைவர் என்றால், அந்த நிறுவனம் சொன்னால்தான் உண்டு. கிரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்தில் 21-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசத்தை வெளியே இருந்து எவராலும் முழுதாகச் சொல்லியிருக்க முடியாது. நிறுவனம் அறிக்கை வெளியிட்டதால் தெரிந்தது. விமான நிலையத்துக்கோ வங்கிக்கோ மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்தில், 'கெர்னலுக்குள் இயங்கும் எந்தப் பகுதியும் கிராஷ் ஆனால் காரண அறிக்கை தர வேண்டும்' என்ற ஒரு வரி இருக்கிறதா என்பது அதனால்தான் முக்கியமாகிறது.

அடுத்து என்ன மாறுகிறது?

ஆப்பிள் 2019 முதலே மூன்றாம் நிறுவன மென்பொருள்களை மேக் கெர்னலிலிருந்து படிப்படியாக வெளியேற்றி வருகிறது. மைக்ரோசாஃப்ட் 2024 நவம்பரில் அறிவித்த திட்டத்தின்படி, பாதுகாப்பு மென்பொருள்கள் கெர்னலுக்கு வெளியே இருந்தே வேலை செய்ய வழி உருவாக்குகிறது. பூட் ஆகாத கணினிகளைத் தூரத்திலிருந்தே சரிசெய்யும் வசதியும் அதில் அடங்கும். ஜூலை 19 அன்று பல இடங்களில் ஒவ்வொரு கணினியாகக் கையால் கோப்பை நீக்க வேண்டியிருந்ததன் பாடம் இது. லினக்ஸில், எல்லை தாண்டிப் படிக்கும் வகைப் பிழைகளைப் பெருமளவு தடுக்கும் ரஸ்ட் மொழி 2022 முதல் அனுமதிக்கப்பட்டுள்ளது. கெர்னல் பேனிக் ஆனால் விவரத்தைத் திரையில் க்யூஆர் கோடாகக் காட்டும் வசதியும் 2024-ல் சேர்ந்தது. போனில் படம் எடுத்து அனுப்பினாலே போதும்.

இவை எல்லாம் கிராஷைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. அதனால் அடுத்த முறை ஒரு பொதுச் சேவை முடங்கி, மாலையில் 'தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது' என்ற அறிவிப்பு வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம். டம்ப் எடுத்தீர்களா? யார் ஆராய்கிறார்கள்? அறிக்கை எப்போது வெளிவரும்? மூன்றுக்கும் பதில் தரக்கூடிய கருவிகள் கிட்டத்தட்ட 20 ஆண்டுகளாக இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை எழுதத் தொடங்கியதே இந்தியாவில் இருந்துதான்.